கடைசி வரியில் டிப்பிள்

தாராவியில் ஆவுடையம்மாள் வீட்டுச் சுவரில் மூன்று படங்கள் தொங்கின. ஒன்று திருச்செந்தூர் முருகன். ஒன்று காலமாகிப்போன அவள் புருஷன். இரண்டுக்கும் நடுவில், கண்ணாடிச் சட்டம் போட்டு, நாலு மூலையிலும் குங்குமம் வைத்து, ஒரு இங்கிலீஷ் கடுதாசி. வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டும்போது முருகனுக்கு மூன்று சுற்று, கடுதாசிக்கு இரண்டு சுற்று, புருஷனுக்கு ஒரு சுற்று. செத்தவர் இதைப் பற்றி என்ன நினைத்தாரோ, தெரியாது.

கடுதாசி அவள் தம்பி வானமாமலையுடையது. டிராம்பேயில் ஒரு பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலையில் அவன் பைப் ஃபிட்டர். அங்கே ஹட்சன் என்ற இங்கிலீஷ்காரன் அவனுக்கு ஃபோர்மேனாக இருந்தான். அறுபத்து நாலில் ஊருக்குக் கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள், தன் கைப்பட ஒரு சர்ட்டிபிகேட் எழுதி வானமாமலையிடம் கொடுத்துவிட்டுப் போனான். வானமாமலைக்கு வேலைக்கு வேண்டிய இங்கிலீஷ் பேச வரும். வால்வில் பெயிண்ட் அடித்திருக்கிற பெரிய எழுத்துகளைக் கூட்டி வாசிக்கவும் வரும். கையால் சேர்த்து எழுதுகிற கூட்டெழுத்து மட்டும் கோழி கிண்டினது மாதிரித்தான் தெரியும். யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கலாம். அக்கா விடவில்லை. நாலு கை பட்டால் அழுக்காகிவிடும் என்று நேரே கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோய்விட்டாள். வெள்ளைக்காரன் கெட்டதாகவா எழுதியிருக்கப் போகிறான் என்பது அவள் கட்சி. வீட்டுக்கு யார் வந்தாலும், தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அதைக் காட்டினாள். வந்தவர்களும் எழுத்துக்கூட்டத் தெரியாதவர்கள்தான். பார்த்து, தலையை ஆட்டி, பெருமூச்சு விட்டுப் போனார்கள்.

ஹட்சனைப் பற்றி அக்காவுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. சனிக்கிழமை அரை நாள் வேலை. சங்கு ஊதி எல்லோரும் போன பிறகு, ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் ஹட்சன் இரண்டு நாற்காலி போடுவான். இரண்டு டீக் கோப்பைகளில் பாட்டிலைச் சாய்ப்பான். ஊர் முழுக்க மதுவிலக்கு. வெள்ளைக்காரனுக்குக் குடிக்கப் பெர்மிட் இருந்தது, வானமாமலைக்கு இல்லை. ஆளுக்கு ஒரு கோப்பை, அதற்குமேல் கிடையாது. ஹட்சன் அவனுடைய ஊர் மழையைப் பற்றிப் பேசுவான். இவனிடம் அம்மாவைப் பற்றிக் கேட்பான். பிறகு வானமாமலை இரண்டு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவான். ஒன்றரை வருஷம் இப்படி.

இதை அவன் குடி என்று நினைக்கவே இல்லை. குடி என்றால் அவனுக்குத் தெரிந்தது வேறு. சாக்கடை ஓரம் வேட்டி விலகிக் கிடப்பது குடி. கொட்டகையில் காய்ச்சி ரப்பர் டியூபில் வருகிறதே, அது குடி. நாற்காலியில் உட்கார்ந்து டீக் கோப்பையில் பருகுவது குடி ஆகுமா? ஆகாது என்று அவனே தீர்ப்பு எழுதி, அவனே கையெழுத்தும் போட்டுக்கொண்டான். ஹட்சன் போன பிறகு அவன் தொடவில்லை. தொட ஆசை வந்ததா என்றால், வந்தது. சனிக்கிழமை சங்கு ஊதும்போதெல்லாம் வந்தது.

இனி வடிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சண்முகவடிவு இரண்டு சந்து தள்ளியிருந்தாள். தாராவியிலிருந்து நடந்தே போய் மாட்டுங்காவில் டைப் அடிக்கப் படித்தவள். அங்கேயே ஒரு சரக்கு ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். காலையில் சயான் வரைக்கும் இருவருக்கும் ஒரே வழி. அங்கே அவன் டிராம்பே பஸ்ஸுக்கு நிற்பான், அவள் மாட்டுங்காவுக்கு நடப்பாள். அவள் முன்னால், அவன் பத்தடி பின்னால், இரண்டு வருஷம். அவள் பின்னல் நுனியில் கட்டியிருக்கும் ரிப்பனைப் பார்த்துத்தான் அவனுக்குக் கிழமை தெரியும். சயான் திருப்பத்தில் அவள் ஒரு நிமிஷம் நின்று, திரும்பாமலே கேட்பாள்.

"மணி என்ன?"

"ஏழு அஞ்சு."

அவ்வளவுதான் பேச்சு. ஏழு மணிச் சங்கு அப்போதுதான் ஊதி ஓய்ந்திருக்கும். பம்பாயில் செவிடனுக்குக்கூட மணி தெரிந்திருக்கும். இருந்தாலும் அவள் கேட்டாள், அவனும் வாட்சைப் பார்த்துத்தான் சொன்னான். அவளுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு வாரம், சயான் திருப்பம் வந்ததும் அவன் தன்னாலேயே நின்று வாட்சைப் பார்த்தான். சொல்ல ஆளில்லை. அப்போதுதான் தனக்கு என்ன வந்திருக்கிறது என்று அவனுக்கு விளங்கியது.

ஆவுடையம்மாளுக்கு இது விளங்க இன்னும் கொஞ்சம் நாளாயிற்று. விளங்கியதும் போய்ப் பெண் கேட்டாள். வடிவின் தாய் சீனியம்மாள் ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். நகை வேண்டாம், வீடு வேண்டாம், குடிக்காதவனாக இருக்க வேண்டும். அவள் புருஷன் குடித்தே போனவர். ஆவுடையம்மாள் அங்கேயே முருகன் மேல் சத்தியம் செய்தாள்.

"எந் தம்பி அந்தச் சாராயச் சந்துப் பக்கமே போனதில்ல, மதினி."

அது பொய்யில்லை. அந்தச் சந்துப் பக்கம் அவன் போனதே இல்லை.

மாப்பிள்ளை வீடு பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் வந்தார்கள். பெண்ணே வருவது வழக்கமில்லை. வீட்டில் ஆம்பிளை இல்லை, என் மகள்தான் எனக்கு எல்லாம் என்று சீனியம்மாள் சொல்லிவிட்டாள். வானமாமலைக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு வருஷம் பின்னாலிருந்தே பார்த்தவளை அன்றைக்குத்தான் முகத்துக்கு நேரே பார்த்தான். இடது புருவத்தில் சின்னத் தழும்பு இருந்தது. இத்தனை நாள் அது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

ஆவுடையம்மாள் சுவரிலிருந்து கண்ணாடியை இறக்கி, முந்தானையால் துடைத்து, வடிவின் கையில் கொடுத்தாள்.

"தொரை எழுதினது தாயி. நீதான் இங்கிலீசு படிச்ச புள்ள. தமிழ்ல வாசி, நாங்களும் கேக்கோம்."

மூன்று வருஷத்தில் அந்தக் கடுதாசி வாய் திறந்தது அன்றைக்குத்தான். வடிவு விரலை வைத்து நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். வானமாமலை என் கீழ் வேலை பார்த்தவர்களில் முதல் தரமானவர். ஒரு ஸ்பேனரைக்கூடத் தொலைத்ததில்லை. அவர் பூட்டிய பைப் ஒழுகியதில்லை. பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஆவுடையம்மாளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடைசி வரிக்கு வந்ததும் வடிவின் விரல் நின்றது. நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"அம்புட்டுதானா தாயி?"

"ஆமா அத்தே. நல்லவருன்னு முடிச்சிருக்காரு."

கண்ணாடியைத் தன் கையாலேயே ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாள். காப்பி டம்ளரை எடுத்தவள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். அதன் பிறகு அவன் பக்கம் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அவள் அந்த வழியில் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை ரோட்டின் எதிர்ப்பக்கம் வேகமாகப் போனாள், திருப்பத்தில் நிற்கவில்லை. சீனியம்மாள் வீட்டிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. பெண் வீட்டார் யோசிப்பார்கள் என்று அக்கா சமாதானம் சொன்னாள். வானமாமலைக்கு அந்த விரல் நின்ற இடம்தான் கண்ணுக்குள்ளேயே இருந்தது. வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, அக்கா குழாயடிக்குப் போன நேரம் பார்த்துக் கண்ணாடியை இறக்கி, துண்டில் சுற்றிக்கொண்டு நாகூர் மீரானிடம் போனான்.

மீரான் அதே சந்துக்காரன், கூட விளையாடினவன். கோட்டைப் பக்கம் ஒரு பெர்மிட் ரூமில் பேரர். பெர்மிட் உள்ள துரைமார்களுக்கும் பார்சிக்காரர்களுக்கும் ஊற்றிக் கொடுக்கிறவன், தான் ஒரு சொட்டும் தொடாதவன். சட்டத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். கடைசி வரிக்கு வந்ததும் சிரிக்க ஆரம்பித்தான். நண்பனின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"சனிக்கெழம டிப்பிளுக்கு இவனைவிட நல்ல தொணை இந்த ஊர்ல எனக்குக் கெடச்சதில்லன்னு எழுதியிருக்கான், மாப்ளே."

"டிப்பிள்னா?"

"குடிதான்."

வானமாமலை சுவரில் சாய்ந்துவிட்டான். மூன்று வருஷமாக அக்கா சாம்பிராணி காட்டியது இதற்குத்தானா?

"முழுசாக் கேளு," என்றான் மீரான். "குடிக்கு இங்கிலீஸ்காரன் கைவசம் எத்தனையோ வார்த்த இருக்கு. பூஸ்னு ஒண்ணு. அதை மூஞ்சியச் சுளிச்சிக்கிட்டுத்தான் சொல்லுவான். பூஸ்னால வேல போச்சு, பூஸ்னால பொண்டாட்டி போனான்னுதான் வரும். டிப்பிள் அப்படியில்ல. எங்க ரூமுக்கு ஒரு வயசான துரைசாணி வரும். சின்ன கிளாசக் கையில வச்சிக்கிட்டு, மீரான், இதான் என் டிப்பிள்னு சிரிக்கும். அளவாக் குடிக்கிறவனை, பழகினவன் கிண்டலாச் சொல்லுத வார்த்த. கோர்ட்டுல எழுதமாட்டான். ஆபீசுல எழுதமாட்டான். சர்ட்டிபிகேட்டுல எழுதவே மாட்டான்."

"பெறகு எதுக்கு எழுதினான்?"

மீரான் கண்ணாடியைத் துண்டில் சுற்றித் திருப்பிக் கொடுத்தான்.

"உன்ன வேலைக்காரன்னு நெனச்சிருந்தா எழுதியிருக்கமாட்டான்."

வானமாமலை அதை மடியில் வைத்துக்கொண்டான். அந்த நாற்காலி, அந்தக் கோப்பை, இவன் தாயின் பேரைத் தப்பும் தவறுமாகச் சொல்லி விசாரிக்கிற அந்தச் சிவந்த முகம், எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. அந்த மனுஷனைத் தன் மனசு எவ்வளவு தேடிக்கொண்டிருக்கிறது என்று அப்போது உறைத்தது. அதே வரிதான் வடிவையும் எதிர்ப்பக்கம் நடக்க வைத்திருக்கிறது. மீரான் ஒரு யோசனையும் சொன்னான். டிப்பிள் என்றால் எலுமிச்சம்பழச் சர்பத் என்று சொல்லிவிடு, கேட்டால் நானே வந்து சாட்சி சொல்கிறேன், பெர்மிட் ரூம்காரன் சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள் என்றான். வானமாமலை கண்ணாடியை இடுக்கிக்கொண்டு எழுந்தான்.

அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு மாட்டுங்கா மார்க்கெட் முனையில், பூக்கடைகளுக்குப் பக்கத்தில் நின்றான். வடிவு வந்தாள். அவனைப் பார்த்து ஒதுங்கவில்லை. தாராவிப் பக்கம் நடந்தாள், அவன் பக்கத்தில் நடந்தான். பத்தடி இடைவெளி இல்லாமல் அவளோடு நடப்பது அதுதான் முதல் தடவை. அதை நினைத்துச் சந்தோஷப்படக்கூட அவனால் முடியவில்லை. அவளை நீ என்று சொல்ல உரிமை வரவில்லை, நீங்க என்று சொல்ல மனசு வரவில்லை. இரண்டையும் விட்டுவிட்டே பேசினான்.

"அந்தக் கடைசி வரிக்கு அர்த்தம் இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"எனக்குத் திங்கக்கெழமையே தெரிஞ்சிட்டு," என்றாள் வடிவு. "ஆபீசுல பெரிய டிக்‌ஷனரி இருக்கு. சிறுகச் சிறுக, வழக்கமாகக் குடித்தல். அப்படித்தான் போட்டிருக்கு."

"டிக்‌ஷனரியில அப்படித்தான் இருக்கும். அவுங்க பேசுத விதம் வேற. அது கிண்டலாச் சொல்லுத வார்த்த. பிரியமா…"

மீரான் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னான். பூஸ் வேறு, டிப்பிள் வேறு என்றான். துரைசாணியையும் அவள் கையில் இருந்த சின்ன கிளாசையும்கூட விடவில்லை. தன் காதுக்கே அது வக்கீல் பேச்சு மாதிரிக் கேட்டது. வடிவு குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டாள்.

"வார்த்தைக்கு அர்த்தம் நான் கேக்கல. நீங்க குடிச்சியளா?"

எலுமிச்சம்பழச் சர்பத் அவன் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் நம்பிவிடுவாள் என்றும் தோன்றியது. நம்ப வேண்டும் என்ற ஆசை அவள் முகத்திலேயே இருந்தது. அதைப் பார்த்த பிறகு அவனால் சொல்ல முடியவில்லை.

"குடிச்சேன். ஒன்றர வருசம். சனிக்கெழமைக்கு ஒரு கோப்பை. அவர் போன பெறகு இல்ல."

"இப்ப ஆசை இல்லியா?"

"இருக்கு. சங்கு ஊதினா நாக்கு ஊறும். அந்த ருசிக்கு மட்டுமில்ல. எதிர்ல ஒரு நாற்காலி போட்டு, உக்காருன்னு சொல்ல அங்க வேற யாரும் இல்ல."

பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். புழுதிக்காக மட்டும் துடைக்கவில்லை.

"அன்னைக்கு உங்க வீட்ல எனக்கு அந்த வார்த்த தெரியாது. சனிக்கெழமைங்கிற வார்த்த தெரியும். எங்கப்பாவுக்குச் சனிக்கெழமதான் கூலி நாளு. அவுகளும் மொதல்ல ஒரு கிளாசுதான். சிறுகச் சிறுகத்தான். அந்த டிக்‌ஷனரிய எழுதினவனுக்கு எங்கப்பாவத் தெரியுமோன்னு இருந்துச்சு எனக்கு." நின்றாள். "அம்மா முன்னால வாசிச்சிருக்கணும். வாசிச்சா எழுந்து போயிருவா. நீங்க வேணும்னு இருந்துச்சு எனக்கு. அதான் வரிய முழுங்கினேன். எங்கம்மாவும் இப்படித்தான் எல்லாத்தையும் முழுங்கிக்கிட்டு இருந்தா. அவள மாதிரி நானும் ஆயிட்டேனேன்னு நாலு நாளாத் தூக்கமில்ல."

கைப்பையைத் திறந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். டைப் அடித்த தாள். ஹட்சன் எழுதியது அத்தனையும் அச்செழுத்தில் இருந்தது. ஒரு தடவை வாசித்ததை அப்படியே மனசில் வைத்திருந்து அடித்திருந்தாள். கடைசி வரி மட்டும் இல்லை.

"இதக் கண்ணாடிக்குள்ள போட்டுக்கோங்க," என்றாள். "அடுத்து வாற பொண்ணு வீட்டுக்கு."

சயான் திருப்பம் வந்தது. அவள் மணி கேட்கவில்லை. போய்விட்டாள்.

வீட்டில் அக்காவிடம் அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஆவுடையம்மாள் முதலில் அவனைத் திட்டினாள், பிறகு ஹட்சனைத் திட்டினாள், பிறகு முருகன் படத்துக்கு முன்னால் போய் மூன்று தோப்புக்கரணம் போட்டாள். அதோடு ஒரு வழியும் கண்டுபிடித்தாள்.

"ஏல, அந்த ஒத்த வரிய மட்டும் பிளேடால வெட்டிரு. இல்லன்னா அந்தப் புள்ள குடுத்த தாள மாட்டிரு. யாருக்குத் தெரியும்?"

"வெட்டமாட்டேன்க்கா. மிச்சமெல்லாம் ஃபிட்டருக்கு எழுதினது. அந்த ஒரு வரிதான் எனக்கு எழுதினது."

கண்ணாடியைத் துடைத்துப் பழைய ஆணியிலேயே மாட்டினான். வடிவு கொடுத்த தாளைப் பெட்டியின் அடியில் வைத்தான். அதற்குப் பிறகு இரண்டு இடத்திலிருந்து வந்து வீடு பார்த்தார்கள். இரண்டு தடவையும் அவனே சுவர் பக்கம் போய், கடைசி வரியைத் தொட்டுக்காட்டித் தமிழில் சொன்னான். முதலில் வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்தவர்கள் குடிக்காமலே போனார்கள். கடுதாசிக்குக் காட்டிய சாம்பிராணி நின்றுபோயிற்று. தாராவியில் ஒரு செய்தி சந்து திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? குடித்ததைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற கிறுக்கன் என்று பேர் வந்தது. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் எதிர்ப்பக்கம் போகிற ரிப்பனைத்தான் பார்த்தான். நீலம் என்றால் செவ்வாய், சிவப்பு என்றால் புதன். திருப்பத்தில் அவனும் ஒரு நிமிஷம் நிற்பான், வாட்சைப் பார்ப்பான், பஸ் ஏறுவான். சனிக்கிழமைச் சங்கு ஊதினால் நேரே வீட்டுக்கு வருவான். ஆசை போய்விட்டதா என்றால், இல்லை. இரண்டு ஆசையும் அப்படியே இருந்தன.

மழை பிடித்து மூன்று வாரம் ஆன ஒரு காலை. குடையோடு சயான் திருப்பத்தில் நின்றான். சங்கு ஊதி ஓய்ந்தது. ரோட்டைக் கடந்து யாரோ பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்தது.

"மணி என்ன?"

வாட்சைப் பார்த்தான். முள் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

"ஏழு… ஏழு அஞ்சு."

"அம்மாகிட்ட அந்த வரியச் சொல்லிட்டேன்," என்றாள் வடிவு. குடைக்கு வெளியே நனைந்துகொண்டுதான் நின்றாள். "மூணு நாள் என்கூடப் பேசல. நாலாம் நாள், அவுக வீட்ல கண்ணாடிய எறக்கிட்டாவளான்னு கேட்டா. எறக்கலன்னு ஊரே சொல்லுதேன்னேன். அப்பா குடிச்சிட்டு வந்து ஒருநாளாவது குடிச்சேன்னு சொன்னதில்ல, சத்தியந்தான் பண்ணுவாகன்னு சொல்லி அழுதா. பெறகு, ஞாயித்துக்கெழம வாறேன்னு சொல்லச் சொன்னா. அந்த வரிய நீங்களே வாசிச்சு அவகிட்டச் சொல்லணுமாம். அதுக்கு மேல அவ யோசிப்பாளாம்."

"எனக்குக் கூட்டெழுத்து வாசிக்க வராதே."

"தெரியும்," என்று ஒரு தாளை அவன் கையில் வைத்துவிட்டு, மாட்டுங்காப் பக்கம் நடந்தாள்.

டிராம்பே பஸ் செம்பூரைத் தாண்டும்போதுதான் அவனுக்கு உட்கார இடம் கிடைத்தது. தாளைப் பிரித்தான். மறுபடியும் டைப் அடித்திருந்தாள். எல்லாம் பெரிய எழுத்தில், வால்வில் பெயிண்ட் அடித்திருப்பது மாதிரி. இந்தத் தடவை கடைசி வரி இருந்தது. அவன் விரலை வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்ட ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.